கம்பியில் உள்ள கோளாறுக்குக் கம்பியூட்டரைக் குறை சொல்லாதீர்கள்

2004 ஆகஸ்ட் மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு அருகில் ஒரு கப்பலின் நங்கூரம் கடலடியில் கிடந்த தொலைத்தொடர்புக் கேபிளைச் சேதப்படுத்தியது. நாட்டின் இன்டர்நெட் சேவை பெருமளவில் தடைப்பட்டது. கம்பியூட்டருக்கு முன்னால் இருந்த எல்லோருக்கும் அது உடனே தெரிந்தது. எங்கே பழுது என்பது தெரிந்ததால் அதைத் திருத்தவும் வழி பிறந்தது.

எமது கடைகளில் நடப்பது இப்படியானதல்ல. கம்பி அறுவதில்லை, அரைகுறையாகக் கெடுகிறது. அரைகுறையாகக் கெட்ட கம்பி வேலை செய்துகொண்டே இருக்கும். பில் வரும், ஆனால் தாமதித்து வரும். ஸ்டோரில் உள்ள கம்பியூட்டர் சில நேரம் கடைக் கம்பியூட்டரைக் காணும், சில நேரம் காணாது. முதலாளி முதலில் இன்டர்நெட் கம்பனிக்குப் போன் எடுத்து ஏசுவார். பிறகு மென்பொருள் விற்றவரைக் கூப்பிடுவார். அதன்பின் புதிய ரவுட்டர் வாங்குவார். கடைசியில் கம்பியூட்டரையே மாற்றுவார். இத்தனைக்கும் பிறகு பார்த்தால், மேசைக்குக் கீழே கதிரைக் கால் ஏறி நசிந்த கேபிள்தான் காரணமாக இருக்கும்.

வவுனியா பஜார் வீதியிலும், ஹொரவப்பொத்தானை வீதியிலும், கிளிநொச்சி கரடிப்போக்குச் சந்திப் பக்கத்திலும், முல்லைத்தீவு நகரிலும் இன்று ஓரளவு பெரிய கடை என்றால் இரண்டு மூன்று கம்பியூட்டர்களும், பில் அடிக்கும் பிரின்டரும், நாலைந்து கெமராக்களும் இருக்கின்றன. இவை யாவும் கேபிள்களால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டவை. இந்த இணைப்பில் வரும் கோளாறை எப்படி இனங்காண்பது, எந்த ஒழுங்கில் தேடுவது என்பதை இவ்வாரம் பார்ப்போம். இதற்குப் பொறியியல் படிப்பு தேவையில்லை. கடையில் சரக்கு எண்ணி எடுக்கும் பொறுமை இருந்தால் போதும்.

ஏன் இதைப் பெரிதாக எடுக்க வேண்டும்?

வன்னியில் வியாபாரம் என்பது பெரும்பாலும் கடனோடு சேர்ந்தது. உரம், கிருமிநாசினி, நீர்ப்பம்பி, சீமெந்து எல்லாம் அறுவடை வரும்வரை கடனுக்குப் போகின்றன. காலபோகம் முடிந்தால்தான் காசு வரும். அந்தக் கடன் கணக்கு ஒரு காலத்தில் சிவப்பு மட்டை போட்ட கொப்பியில் இருந்தது. இன்று அது கம்பியூட்டருக்குள் இருக்கிறது. கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி மார்க்கம் நம்மைப் பணித்திருக்கிறது. எழுதினால் போதாது, எழுதியது நிலைக்கவும் வேண்டும்.

சிறிய கடைகளில் பாவிக்கும் சில கணக்கு மென்பொருள்கள், கணக்குக் கோப்பை ஒரு கம்பியூட்டரில் வைத்து மற்றவை கேபிள் வழியாக வந்து அதில் எழுதும் முறையில் அமைந்தவை. மைக்ரோசொப்ட் அக்சஸ் போன்றவற்றில் செய்தவை அப்படிப்பட்டவை. எழுதிக்கொண்டிருக்கும்போது இணைப்பு ஒரு கணம் விட்டுப் போனால் அந்தக் கோப்பே பழுதடையலாம். ஒரு போகத்துக் கடன் கணக்கு போய்விட்டால், யார் எவ்வளவு தர வேண்டும் என்பதற்கு மனிதரின் ஞாபகம் மாத்திரமே மிஞ்சும்.

இன்னொன்றும் உண்டு. பில் அடிக்கும் பிள்ளை பட்டனை அழுத்துகிறார், திரை அசையாமல் நிற்கிறது. வாடிக்கையாளர் காத்திருக்கிறார். பிள்ளை மீண்டும் அழுத்துகிறார். சில மென்பொருள்களில் ஒரே விற்பனை இரண்டு தடவை பதிவாகிவிடும். மாலையில் காசும் கணக்கும் ஒத்துவராது. மாதக் கடைசியில் சரக்கும் ஒத்துவராது. அப்போது முதலாளியின் கண் யார் மீது விழும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஒரு கேபிளின் குறையால் ஓர் ஏழைப் பிள்ளையின் நேர்மை சந்தேகத்துக்குள்ளாகக் கூடாது. கணக்கு ஒத்துவராத கடையில் ஆளை விசாரிப்பதற்கு முன்னர் கம்பியை விசாரித்துவிடுங்கள்.

கம்பிக்குள் என்ன நடக்கிறது?

ஒரு கம்பியூட்டர் இன்னொன்றுக்குத் தகவல் அனுப்பும்போது அதை முழுதாக அனுப்புவதில்லை. சிறு சிறு பொதிகளாகக் கட்டி அனுப்புகிறது. ஒரு பொதியில் ஏறத்தாழ 1500 பைட் வரை அடங்கும். ஒவ்வொரு பொதியின் கடைசியிலும் ஒரு சரிபார்ப்பு எண் எழுதப்பட்டிருக்கும். இதனை சிஆர்சி என்பார்கள்.

இதை லொறியில் வரும் சரக்கோடு ஒப்பிடலாம். கொழும்பிலிருந்து சரக்கு வருகிறது, கூடவே துண்டும் வருகிறது. நீங்கள் எண்ணிப் பார்க்கிறீர்கள். துண்டில் 50 பெட்டி, லொறியில் 49 பெட்டி என்றால் கொழும்புக்குப் போன் எடுப்பீர்கள். கம்பியூட்டர் அப்படிச் செய்வதில்லை. எண்ணிக்கை பிழைத்தால் முழுப் பொதியையும் வீசிவிடும். அனுப்பியவருக்கு ஒரு வார்த்தையும் சொல்லாது. அனுப்பியவர் பதில் வராததைக் கண்டு, சற்றுப் பொறுத்துப் பார்த்து, மீண்டும் அனுப்புவார். அடிக்கடி இப்படி நடந்தால், பாதை சரியில்லை என்று எண்ணி அனுப்பும் வேகத்தையும் தானாகவே குறைத்துக்கொள்வார்.

நூறு பொதியில் ஒன்று கெட்டாலும் வேலை நின்று போகாது. ஆனால் அந்த ஒன்றுக்காகக் காத்திருக்கும் நேரம், கூடவே குறையும் வேகம் இரண்டும் சேர்ந்து முழுக் கடையையும் மந்தமாக்கிவிடும். ஆகவே கம்பிப் பழுது பெரும்பாலும் 'வேலை செய்யவில்லை' என்ற முறைப்பாடாக வருவதில்லை. 'மெதுவாக இருக்கிறது' என்ற முறைப்பாடாகவே வருகிறது. மெதுவாக இருக்கிறது என்றதும் நாம் இன்டர்நெட்டைச் சந்தேகிக்கிறோம்.

எட்டுக் கம்பியும் நான்கு சோடியும்

நெட்வேர்க் கேபிளின் மேலுறையைக் கழற்றினால் எட்டு மெல்லிய கம்பிகள் தெரியும். அவை நான்கு சோடிகளாக முறுக்கப்பட்டிருக்கும். முறுக்கு அழகுக்காக வைத்ததல்ல. தொலைபேசிக்குப் பேர்போன கிரகம் பெல் 1881 இலேயே முறுக்கிய சோடிக்குக் காப்புரிமை பெற்றவர். இரண்டு கம்பிகளும் முறுக்கிக் கிடந்தால் வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் இரண்டிலும் ஒரே அளவில் விழும். பெறும் பக்கம் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுப்பதால் அந்த இரைச்சல் கழிந்துவிடும். முறுக்கு அவிழ்ந்தால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். எனவேதான் பிளக் அடிக்கும் இடத்தில் அரை அங்குலத்துக்கு மேல் முறுக்கை அவிழ்க்கக் கூடாது என்பது விதி.

பிளக்கில் எட்டுக் கால்கள். 1 உம் 2 உம் ஒரு சோடி. 3 உம் 6 உம் ஒரு சோடி. 4 உம் 5 உம் ஒரு சோடி. 7 உம் 8 உம் ஒரு சோடி. மூன்றாவது காலின் சோடி நான்காவதல்ல, ஆறாவது. இங்கேதான் பலர் தவறு விடுகிறார்கள்.

பொதுவாகப் பாவிக்கும் நிற ஒழுங்கு இது: வெள்ளை-செம்மஞ்சள், செம்மஞ்சள், வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-கபிலம், கபிலம். இரண்டு முனையிலும் இதே ஒழுங்கு இருக்க வேண்டும்.

சிலர் நிறங்களைச் சோடி சோடியாகப் பக்கத்தில் வைத்து, பச்சை இரண்டும் 3, 4 இலும் நீலம் இரண்டும் 5, 6 இலுமாக அடித்துவிடுவார்கள். இரண்டு முனையிலும் அப்படியே அடித்தால் எல்லாக் கம்பியும் நேராகத்தான் போகும். மலிவான டெஸ்டரைப் போட்டால் எட்டு விளக்கும் வரிசையாக எரியும். 'பாருங்கள் முதலாளி, கேபிள் சரி' என்று சொல்லி ஆள் போய்விடுவார். ஆனால் 3 இல் ஒரு சோடியின் கம்பியும் 6 இல் வேறொரு சோடியின் கம்பியும் இருப்பதால் முறுக்கின் பயன் இல்லாமல் போகிறது. பக்கத்துக் கம்பியின் சத்தம் இதில் ஏறும். பொதிகள் கெடும். எட்டு விளக்கு எரிவது கம்பி அறவில்லை என்பதற்குத்தான் அத்தாட்சி. கம்பி நல்லது என்பதற்கு அது அத்தாட்சியல்ல. ஆகவே விளக்கைப் பார்ப்பதோடு நிற்காமல் பிளக்கைக் கண்ணருகே பிடித்து நிறத்தையும் பாருங்கள்.

ஆயிரம் நூறாகும் அதிசயம்

இன்றைய கம்பியூட்டர்களின் இணைப்பு வேகம் பெரும்பாலும் 1000 மெகாபிட். இதற்கு நான்கு சோடிகளும் தேவை. பழைய 100 மெகாபிட் வேகத்துக்கு இரண்டு சோடி போதும். அதாவது 1, 2, 3, 6 ஆகிய நான்கு கால்கள். செம்பு கேபிளில் 1000 மெகாபிட் அனுப்பும் தரநிலை 1999 இல் வந்தது. ஆனாலும் அதற்குப் பிறகும் எமது பக்கத்தில் நெட் கபேக்களிலும் கொமியூனிகேஷன்களிலும் ஒரே கேபிளைப் பிரித்து இரண்டு கம்பியூட்டருக்குக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. அப்படிப் போட்ட கேபிள்கள் இன்னமும் சில கட்டடங்களின் சுவருக்குள் கிடக்கின்றன.

ஒரு கம்பி அறுந்தாலோ, பிளக்கில் ஒரு பல் சரியாகக் கடிக்காவிட்டாலோ, பல கருவிகள் தாமாகவே 100 க்கு இறங்கிவிடும். எந்த எச்சரிக்கையும் வராது. கம்பியூட்டரில் நெட்வேர்க் இணைப்பின் நிலையைத் திறந்து பார்த்தால் வேகம் எழுதப்பட்டிருக்கும். 1000 இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று இருந்தால், கருவிகள் இரண்டும் 1000 க்கு உரியவை என்று தெரிந்தால், கம்பியில் குறை இருக்கிறது என்று பெரும்பாலும் முடிவு செய்யலாம். காசு செலவில்லாத பரிசோதனை இது. இன்றைக்கே கடையிலுள்ள எல்லா கம்பியூட்டர்களிலும் பார்த்துவிடுங்கள்.

வன்னி மண்ணுக்கே உரிய காரணங்கள்

புத்தகத்தில் இருக்கும் காரணங்கள் எல்லா ஊருக்கும் பொது. ஆனால் எமது பிரதேசத்தில் சில காரணங்கள் கூடுதலாக உண்டு.

வெயில்: தகரக் கூரைக்குக் கீழே மத்தியானத்தில் கை வைக்க முடியாது. செம்புக் கம்பியின் மின்தடை ஒரு பாகை செல்சியசுக்கு ஏறத்தாழ 0.4 வீதம் கூடும். குறுகிய கேபிளுக்கு இது பொருட்டல்ல. ஆனால் ஏற்கனவே 90 மீற்றர் ஓடும் கேபிள் என்றால், காலையில் சரியாக இருந்து மத்தியானத்தில் தடுமாறும். வெளியே வெயிலில் கட்டிய சாதாரண சாம்பல் நிறக் கேபிளின் உறை காலப்போக்கில் வெடிக்கும். மழைத் தண்ணீர் உள்ளே போகும். வெளியே ஓடுவதற்கென்றே கறுப்பு உறை போட்ட கேபிள் தனியாக விற்கிறார்கள்.

மின்னல்: பருவமழைகளுக்கு இடைப்பட்ட சித்திரை மாதத்திலும், ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பின்னேரத்தில் இடி மின்னல் கடுமையாக இருக்கும். கடையிலிருந்து பின்பக்கத்து ஸ்டோருக்கு ஆகாயத்தில் இழுத்த கேபிள் மின்னலின் மின்சாரத்தை உள்ளே கொண்டுவரும் வழியாகிவிடுகிறது. மரத்தில் மின்னல் விழுந்தாலும் பக்கத்துக் கேபிளில் அதன் தாக்கம் ஏறும். சுவிட்சின் ஒரு துவாரம் முற்றாகச் சாகலாம், அல்லது அரைகுறையாகக் கெட்டு, அதில் போட்ட எந்தக் கம்பியூட்டரும் தடுமாறலாம். இரண்டு கட்டடங்களுக்கு இடையே செம்புக் கேபிளுக்குப் பதிலாகக் கண்ணாடி நாரில் செய்த, உலோகம் கலவாத பைபர் கேபிள் இழுப்பதே நல்லது. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. இரண்டு முனையிலும் ஒரு சோடி கன்வேர்ட்டர் போட்டால் போதும்.

மோட்டார்: அரிசி ஆலை, மர ஆலை, வெல்டிங் பட்டறை வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டும். பெரிய மோட்டார் ஓடத் தொடங்கும்போதுதான் கம்பியூட்டர் தடுமாறுகிறது என்றால், நெட்வேர்க் கேபிள் கரண்ட் வயரோடு ஒரே குழாயில் ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டையும் ஒரே குழாயில் போடுவது உயிருக்கும் ஆபத்து. தள்ளி ஓட விடுங்கள். குறுக்கிட வேண்டி வந்தால் நேர்கோணத்தில் குறுக்கிட விடுங்கள்.

உப்புக் காற்று: முல்லைத்தீவுக் கரையோரத்தில் பிளக்கின் பற்களும் துவாரத்தின் ஊசிகளும் பச்சை பிடிக்கும். கழற்றி மீண்டும் குத்தினால் கொஞ்ச நாள் சரியாக இருக்கும், பிறகு மீண்டும் கெடும். இப்படி 'கழற்றிக் குத்தினால் சரி' என்று ஒரு கடையில் வழக்கமாகிவிட்டால் அங்கே பிளக்கை மாற்றும் காலம் வந்துவிட்டது.

எலியும் எறும்பும்: உர மூட்டையும் நெல் மூட்டையும் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். எலி கேபிளைக் கடிக்கும். சுவிட்ச் பெட்டி எப்போதும் இளஞ்சூடாக இருப்பதால் எறும்பும் பல்லியும் அதற்குள் குடியேறும். ஆலைத் தூசி பாவிக்காத துவாரங்களை அடைக்கும்.

செம்பு என்று விற்கும் அலுமினியம்

வியாபாரிகளாகிய நாமே ஏமாறும் இடம் இது. சந்தையில் இரண்டு வகை கேபிள் இருக்கிறது. ஒன்று முழுச் செம்பு. மற்றையது உள்ளே அலுமினியம், மேலே செம்பு முலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். 305 மீற்றர் பெட்டியாகவே இரண்டும் வருகின்றன. ஆனால் முலாம் பூசியது தூக்கும்போது இலேசாக இருக்கும், விலையும் குறைவாக இருக்கும்.

கம்பியின் நுனியைப் பிளேட்டால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளி நிறம் தெரிந்தால் அது அலுமினியம். அலுமினியத்தின் மின்தடை செம்பைப் போல் ஒன்றரை மடங்குக்கு மேல். நாலைந்து தடவை மடக்கினால் முறிந்தும் போகும். கேபிள் வழியாகவே மின்சாரம் எடுக்கும் கெமராக்களுக்கு இது பெரிய தொல்லை. பகலில் படம் நன்றாக வரும். இருட்டியதும் கெமராவின் இரவு விளக்குகள் எரியும், மின்சாரம் கூடுதலாகத் தேவைப்படும், நீண்ட அலுமினியக் கம்பியில் அந்த மின்சாரம் போய்ச் சேராது. கெமரா நின்று நின்று எழும்பும். கள்ளன் வரும் நேரத்தில்தான் கெமரா வேலை செய்யாது. கெமராவில் குறை என்று வேறு கெமரா வாங்கினாலும் அதே கதைதான்.

தேடும் ஒழுங்கு

எரிகிறதைப் பிடுங்கினால் கொதிக்கிறது அடங்கும் என்பார்கள். எது எரிகிறது என்று கண்டுபிடிப்பதற்குத்தான் ஒழுங்கு வேண்டும். கீழ்வருமாறு செய்யுங்கள்.

முதலாவது, ஒரு கம்பியூட்டரா, எல்லாமா என்று கேளுங்கள். எல்லாம் ஒன்றாகத் தடுமாறினால் தனிக் கேபிளைத் தேட வேண்டாம். சுவிட்ச் பெட்டியையும் அதற்கு மின்சாரம் கொடுக்கும் சிறிய அடப்டரையும் பாருங்கள். வோல்ட்டேஜ் ஏறி இறங்கும் இடங்களில் முதலில் தளர்வது அந்த அடப்டர்தான். ஒன்று மட்டும் தடுமாறினால் அதன் வழியைத் தேடுங்கள்.

இரண்டாவது, கடைக்குள் பழுதா, வெளியேயா என்று பிரியுங்கள். கடையின் ஒரு கம்பியூட்டரிலிருந்து மற்றக் கம்பியூட்டருக்குக் கோப்பு அனுப்பிப் பாருங்கள். அதற்கு இன்டர்நெட் தேவையில்லை. அதுவே மெதுவாக இருந்தால் இன்டர்நெட் கம்பனியோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை.

மூன்றாவது, பிங் கட்டளையைப் பாவியுங்கள். கம்பியூட்டர் தெரிந்த பிள்ளைகளுக்கு இது தெரியும். ஆனால் விண்டோசில் சாதாரணமாக அது 32 பைட் அளவுள்ள சின்னப் பொதியைத்தான் அனுப்பும். அதுவும் நாலே நாலு தடவை. சின்னப் பொதி கெட்ட பாதையிலும் தப்பிப் போய்விடும். அளவை 1400 பைட் ஆகவும் எண்ணிக்கையை 200 ஆகவும் கூட்டி அனுப்பச் சொல்லுங்கள். கடைக்குள் ஓடும் கேபிளில் இருநூறும் திரும்பி வர வேண்டும். ஒன்றிரண்டு தவறினாலே கேள்வி கேட்க வேண்டும்.

நான்காவது, பிங் ஓடிக்கொண்டிருக்கும்போது பிளக்குக்குப் பக்கத்தில் கேபிளை மெதுவாக அசைத்துப் பாருங்கள். அசைக்கும்போது விட்டுப் போனால் பழுது உங்கள் கையில்தான் இருக்கிறது.

ஐந்தாவது, மாற்றிப் பாருங்கள். ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றை மாத்திரம் மாற்றுங்கள். முதலில் கம்பியூட்டருக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சின்னக் கேபிள். அது சரி என்றால் சுவிட்சில் வேறு துவாரம். அதுவும் சரி என்றால் கம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு போய் சுவிட்சுக்குப் பக்கத்தில் வைத்து நல்ல சின்னக் கேபிளில் இணைத்துப் பாருங்கள். அங்கே நன்றாக ஓடினால் குற்றவாளி சுவருக்குள் ஓடும் கேபிள். அங்கேயும் தடுமாறினால் கம்பியூட்டரின் நெட்வேர்க் துவாரம். மூன்றையும் ஒன்றாக மாற்றினால் பழுது போய்விடலாம், ஆனால் எது பழுது என்பது தெரியாது. நல்ல சாமானையும் சேர்த்துக் குப்பையில் போட்டிருப்பீர்கள்.

ஆறாவது, எண்ணிக்கையைப் படியுங்கள். நாலைந்து கம்பியூட்டருக்கு மேல் உள்ள இடங்களில் 'மெனேஜ்டு' என்று விற்கும் சுவிட்ச் ஒன்று போடுவது நல்லது. ஒவ்வொரு துவாரத்திலும் எத்தனை பொதி வந்தது, எத்தனை சிஆர்சி பிழை வந்தது என்று அது காட்டும். இரண்டு விடயங்களை ஞாபகத்தில் வையுங்கள். அந்த எண் மின்மானி போலக் கூடிக்கொண்டே போகும், தானாகக் குறையாது. ஆகவே 5000 பிழை என்று கண்டு பதறாமல், எழுதி வைத்து, ஒரு மணித்தியாலம் கழித்து மீண்டும் பாருங்கள். கூடியிருந்தால்தான் இன்றைய பழுது. கூடாவிட்டால் அது எப்போதோ முடிந்த கதை. அடுத்தது, பிழையை எண்ணுவது பெறும் பக்கம். சரக்குக் குறைவு உங்கள் கடையில் தெரிந்தாலும் குறைந்தது வழியிலோ, அனுப்பிய இடத்திலோதான் இருக்க வேண்டும். அதுபோல சுவிட்ச் துவாரத்தில் பிழை ஏறினால், கேபிளையும் மறுமுனைக் கருவியையும் முதலில் சந்தேகியுங்கள்.

ஏழாவது, சிலர் வேகம் கூடட்டும் என்று கருவியின் ஒரு பக்கத்தில் 'முழு டூப்ளெக்ஸ்' என்று கையால் நிர்ணயித்து விடுகிறார்கள். மறுபக்கம் தானியங்கியாக இருந்தால், அது இவரோடு பேசி முடிவு செய்ய முடியாமல் அரை டூப்ளெக்சுக்கு இறங்கிவிடும். ஒருவர் ஒரே நேரத்தில் பேசவும் கேட்கவும் செய்கிறார், மற்றவர் முறை வைத்துப் பேசுகிறார். பொதிகள் மோதிக் கெடும். கேபிளில் எந்தக் குறையும் இல்லாமலே பிழை எண்ணிக்கை ஏறும். இரண்டு பக்கத்தையும் தானியங்கியிலேயே விட்டுவிடுங்கள்.

வேலை கொடுக்கும்போது கேட்க வேண்டியவை

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது வியாபாரிக்குச் சொன்ன பழமொழி. புதுக் கேபிள் இழுக்கும்போது நீளத்தை அளக்கச் சொல்லுங்கள். சுவிட்சிலிருந்து கம்பியூட்டர் வரை மொத்தம் 100 மீற்றர்தான் எல்லை. அதில் சுவருக்குள் 90, இரு முனையிலும் சின்னக் கேபிள்களுக்கு 10. அதைத் தாண்டினாலும் சில வேளை ஓடும். ஓடுவது சரியாக ஓடுவதாகாது.

நடுவில் முறுக்கி டேப் சுற்றிய மூட்டு எதுவும் இருக்கக் கூடாது. முனைகளில் ஒரு மீற்றர் மிச்சம் சுருட்டி வைக்கச் சொல்லுங்கள், நாளைக்குப் பிளக்கை வெட்டி மீண்டும் அடிக்க அது தேவைப்படும். மூலைகளில் கேபிளை மடித்து ஆணி அடிக்க விடாதீர்கள், ஓர் அங்குல வளைவாவது இருக்கட்டும். ஒவ்வொரு கேபிளின் இரு முனையிலும் ஒரே இலக்கத்தை ஒட்டச் சொல்லுங்கள். முழுச் செம்பு என்று பற்றுச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்குபவரிடம் வாங்க வேண்டாம்.

யுத்தம் 2009 மே மாதம் முடிவடைந்த பின், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பலர் வெறும் நிலத்திலிருந்து கடையைத் தொடங்கினார்கள். அவசரத்தில் கட்டிய கட்டடம், கிடைத்த ஆளைக் கொண்டு போட்ட வயரிங், கிடைத்த கேபிள். அதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் அன்று ஒரு கம்பியூட்டருக்காக இழுத்த கம்பி இன்று முழுக் கடையின் கணக்கையும் சுமக்கிறது. அந்தக் கம்பியை ஒருதரம் திரும்பிப் பார்க்கும் கடமை எமக்குண்டு.

ஒரு பிளக்கின் விலை ஒரு பிளேன்டீயின் விலையைச் சுற்றித்தான் இருக்கும். ஒரு சின்னக் கேபிளின் விலை ஒரு சோற்றுப் பார்சலுக்கு அங்காலே இங்காலே. புதிய ரவுட்டருக்கும் புதிய கம்பியூட்டருக்கும் பணம் எடுப்பதற்கு முன்னர் இவ்விரண்டையும் மாற்றிப் பாருங்கள். கடையில் ஒரு கொப்பி வைத்து, எந்த நாள், எந்த நேரம், எந்தக் கம்பியூட்டர் தடுமாறியது, என்ன மாற்றினோம் என்று ஒவ்வொரு வரியாக எழுதுங்கள். இரண்டு வாரக் குறிப்பைப் பார்த்தால் மத்தியானமா, மழையா, மோட்டாரா என்பது அதிலேயே தெரிந்துவிடும். டெக்னீஷியன் வரும்போது அந்தக் கொப்பியைக் கையில் கொடுங்கள். அவருடைய நேரமும் மிச்சம், உங்களுடைய காசும் மிச்சம்.